மெத்தனால் குடித்தவர் முதல் சில மணி நேரம் ஏன் 'நல்லா' இருக்கிறார்?

பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு வானகரம் என்றால் மீன் மார்க்கெட், இல்லன்னா டிராஃபிக். 2023 மே மாதம் அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் சாராயம் குடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று ஆய்வில் தெரிந்தது. வானகரத்தில் உள்ள ஒரு கெமிக்கல் ஆலையிலிருந்து அது போனதாக போலீஸ் சொன்னது. அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால். 65-க்கும் மேற்பட்டோர் பலி.

மெத்தனால் கெட்ட பொருள் எல்லாம் இல்லை. பெயின்ட், பிசின் தயாரிக்க வேணும். எண்ணெயோடு வினைபுரிய வைத்தால் எஸ்டர் ஆகும், அதுதான் பயோடீசல். பிரச்சினை, அது நம்ம கல்லீரலுக்குள் போகும்போதுதான்.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படித்தது ஞாபகம் இருக்கா? ஆல்கஹால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் ஆல்டிஹைடு, அதற்கு அடுத்து அமிலம். லேபில் இதற்கு டைகுரோமேட் ஊற்றுவோம். உடம்பில் அந்த வேலையை நொதிகள் செய்கின்றன. மதுவில் இருக்கும் எத்தனாலில் இரண்டு கார்பன். அது அசிட்டால்டிஹைடாகி, பிறகு அசிட்டிக் அமிலமாகிறது. அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம். உடம்பு அதைச் சமாளித்துவிடும். மெத்தனாலில் ஒரே ஒரு கார்பன். அது முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. முதலில் அடி வாங்குவது கண் நரம்பு. 10 மில்லி சுத்த மெத்தனாலே பார்வையைப் பறிக்கலாம்.

ஆனால் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். வாசனையிலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது. போதையும் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் எல்லாம் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வரும். "நானும்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது இங்கே ஆதாரமே இல்லை.

சிகிச்சையும் இதே கெமிஸ்ட்ரிதான். விசித்திரமா இருக்கும், ஆனா மெத்தனாலுக்கு எத்தனாலே மாற்று மருந்து! இரண்டுக்கும் முதல் படியில் ஒரே நொதி. அதற்கு எத்தனால் மீதுதான் பிரியம் அதிகம். அது எத்தனாலோடு மல்லுக்கட்டும் நேரத்தில், டயாலிசிஸ் மூலம் மெத்தனாலை வெளியேற்றுவார்கள். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியையே அடைத்துவிடும். இரண்டுமே ஆஸ்பத்திரியில், ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே தர வேண்டியவை. வீட்டில் 'ஒரு குவார்ட்டர் ஊத்தினா சரியாகிடும்' என்று யாரும் முயல வேண்டாம்.

அமிலம் சேர்ந்துவிட்ட பிறகு நொதியை அடைத்துப் பெரிய பயன் இல்லை. அதனால் எல்லாமே முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களுக்குச் சாராயம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை என மாவட்ட நிர்வாகம் சொன்னது. குடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.