நிறுவனங்களின் நிதியும் ஊர்ப் பள்ளியும்: முடிவெடுப்பவர் யார்?

தனியார் நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வேண்டும் என்ற பேச்சு தமிழகத்தில் புதிதன்று. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. மக்கள் நிலமும் மேசையும் சீருடையும் வழங்கினர். இன்று அந்த இடத்தில் பெருநிறுவனங்கள் நிற்கின்றன. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம், நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு நிதி வழங்க வழிசெய்கிறது.

இது தலித் மாணவர்களுக்கு ஏன் முக்கியம்? ஆய்வகம், நூலகம், கணினி, விளையாட்டுப் பயிற்சி, தொழிற்சாலையை நேரில் காணும் வாய்ப்பு ஆகியவற்றை வசதியுள்ள குடும்பங்கள் பணத்தாலும் உறவுகளாலும் தம் பிள்ளைகளுக்குப் பெற்றுத் தருகின்றன. ஏனாத்தூரிலோ உத்திரமேரூர் வட்டாரத்திலோ கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. அதே மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மகிழுந்தும் மின்னணுப் பொருள்களும் உற்பத்தியாகின்றன. அந்தத் தொழிற்சாலைகளுக்கும் இந்த வகுப்பறைகளுக்கும் இடையே உள்ள தொலைவு கிலோமீட்டர்க் கணக்கில் மட்டும் அடங்குவதில்லை.

நிறுவனங்களின் உதவியைக் கொடை என்று கருதுவது முதல் பிழை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ கொண்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. கல்வியும், சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியோர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே உள்ளன.

ஆனால் எந்தப் பள்ளிக்கு, எந்தப் பணிக்கு என்பதை நிதி தருபவரே தீர்மானிக்கும்போது, சாலையோரம் உள்ள, பெயர் தெரிந்த பள்ளிக்கே உதவி போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். குடியிருப்பின் உள்ளே இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி கண்ணில் படாமலே போகலாம். சுவருக்கு வண்ணம் பூசினால் பெயர்ப்பலகை வைக்கலாம். மாலை நேரப் பயிற்சிக்குப் பின் மாணவி வீடு திரும்பப் பேருந்துக் கட்டணம் கொடுத்தால் பலகை வைக்க இடமிருக்காது. எனவே மாணவருக்கு எது தேவை என்பதைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி.

இக்கேள்விக்கு இம்மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகப் போற்றுகிறோம். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேத அறிவும் உடையவரே அதில் உறுப்பினராக முடியும் என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது. வாரியங்கள் இருந்தன, உழுதவருக்கு அங்கே இடமில்லை.

இன்று சட்டம் வேறாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பட்டியலினத்தவர் உள்ளிட்ட பின்தங்கிய பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடமளிக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இக்குழுவின் பணி. அரசு, உள்ளாட்சி மட்டுமன்றி 'வேறு எந்த வழியிலும்' வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதும் அதன் பணியே. நிறுவனம் தரும் நிதி இதில் அடங்கும்.

உள்ளூர்த் தொழில்களோடு உறவு கொள்வதில் காஞ்சிபுரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முன்பணம் கொடுத்துக் குழந்தைகளைப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக்கியதை, மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை ஆவணப்படுத்தியது. அவர்களில் தலித் குழந்தைகள் கணிசமானோர். 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கை வைத்திருக்கிறது. 'தொழிற்பயிற்சி' என்ற பெயரில் பழைய உழைப்புச் சுரண்டல் திரும்பிவிடக் கூடாது. மாணவர் தொழிற்கூடத்துக்குச் செல்வது கற்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம், யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

செயற்பாட்டாளர்களும் கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடியவை தெளிவானவை. சமூகப் பொறுப்புக் குழுவின் விவரத்தையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. இணையதளம் வைத்திருக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலைத் தேடிப் படியுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தப் பள்ளிக்கு என்ன வந்தது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். மேலாண்மைக் குழுவில் உள்ள தலித் தாய்மார்களோடு அமர்ந்து தேவைப் பட்டியலை எழுதி, அதைத் தீர்மானமாக்க உதவுங்கள். அத்தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். நிறுவனம் வந்து என்ன வேண்டும் என்று கேட்கும் நாளில், கையெழுத்திட்ட பட்டியல் பள்ளியில் தயாராக இருக்க வேண்டும்.