திருவொற்றியூர் மாடியில் ஜோடி சேரும் சொற்கள்

வாங்க, செருப்பை வாசலிலேயே விட்டுட்டு மேலே ஏறுங்க. படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து! திருவொற்றியூர் தேரடிப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு மாடி அறை. மாலையில் இங்கே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. மாணவர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கே நடக்கும் கூத்தைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

தரை முழுக்கப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். அவற்றைச் சீட்டு சீட்டாக வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறார் டீச்சர். ஒரு சீட்டில் ‘ஹெவி’, இன்னொன்றில் ‘ரெயின்’. ‘ஸ்ட்ராங்’ தனி, ‘டீ’ தனி. திருப்பிப் பார்த்தால் பாதிப் பிள்ளையார், பாதி மணமகள் பெயர். ஃபேன் போட்டால் சீட்டெல்லாம் பறக்கும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து ‘ஹெவி’ கலைந்துபோகிறது. இன்னொரு சீட்டு வெட்டு!

எனக்கு ரொம்பப் பிடித்தது, அடுத்து நடக்கும் வாக்கியச் சமையல். ‘ஹெவி ரெயின்’ வரும் வாக்கியத்துக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். ‘ஹெவி டிராஃபிக்’ வேண்டுமா? துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். ‘கேட்ச் எ டிரெயின்’ என்றால் விம்கோ நகர் மெட்ரோ. ‘காஸ்ட் எ நெட்’டுக்குக் காசிமேடு. ஊரையே இங்கிலீஷுக்குள் ஏற்றிவிடுகிறார்!

இவர் தினமும் மல்லுக்கு நிற்பது நம் ‘பண்ணு’வோடுதான். தப்பும் பண்ணுகிறோம், ஹோம்வொர்க்கும் பண்ணுகிறோம், ஃபோனும் பண்ணுகிறோம். இங்கிலீஷிலோ தப்பு என்றால் ‘மேக்’, ஹோம்வொர்க் என்றால் ‘டூ’. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, பழகிப்போன ஜோடி. நாமும் கோலம் போடுகிறோம், விளக்கு ஏற்றுகிறோம். ‘கோலம் ஏற்று’ என்றால் சின்னக் குழந்தைகூடச் சிரிக்குமே!

அலமாரியில் அட்டை கிழிந்த ஹார்ன்பி அகராதி ஒன்று. அதன் கதை இன்னும் ருசி. இங்கிலீஷ் கற்பித்தலுக்கு ஆலோசகராக ஜப்பான் போன ஹெரால்ட் பாமர், 1933-இல் டோக்கியோவில் இந்தச் சொல் ஜோடிகளைத் தொகுத்து ஓர் அறிக்கையே வெளியிட்டார். அவரோடு உழைத்த ஹார்ன்பியின் அகராதி 1942-இல் அங்கேயே அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக உலகம் சுற்றியது. ஒரு சொல்லை அதனுடன் சேரும் சொற்களை வைத்துத்தான் அறிய முடியும் என்று பின்னாளில் சொன்ன மொழியியலாளர் ஃபெர்த், 1920-களில் லாகூரில் இங்கிலீஷ் பேராசிரியர். தாய்மொழி வேறாக இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உழைத்தவர்கள் இவர்கள். இந்த மாடி அறையும் அந்த வரிசையில்தான் வருகிறது என்று நினைத்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது!

இதோ, படிகளில் தடதட சத்தம். சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று. ஜோடியைத் தேடி அறையே அலைகிறது. ‘டேப்லெட்’ வைத்திருந்த பையன், ‘ஈட்’ வைத்திருந்த பெண் பக்கத்தில் போய் நிற்கிறான்.

“எங்க வூட்ல மாத்திரை சாப்புடுறோமே மிஸ்!”

“நாம சாப்பிடுவோம்டா கண்ணு. இங்கிலீஷ்காரன் ‘டேக்’தான் பண்ணுவான்.”

‘பண்ணுவான்’ டீச்சர் வாயிலிருந்தே வந்துவிட்டது! கூரை அதிரச் சிரிப்பு. டீச்சர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார்.

கடைசி வரிசையில் ஒரு ஃபிட்டர் அண்ணன். ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார், நகக்கண்ணில் கிரீஸ். தயங்கித் தயங்கிக் கை தூக்குகிறார்.

“லீவ் போடுறோம்ல மிஸ், அப்போ ‘புட் லீவ்’தானே?”

“அதுவும் ‘டேக்’ண்ணே. ‘டேக் லீவ்’.”

அண்ணன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொள்கிறார். “நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட இப்டியே கேட்டுப் பாக்குறேன்.”

“குடுத்துட்டார்னா வகுப்புக்குச் சீக்கிரமா வந்துடுங்கண்ணே, சீட்டு வெட்ட ஆள் வேணும்!”