எந்த நாட்டுக் குடிமக்கள்?

கச்சால் என்ற தீவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அது நிக்கோபார் தீவுகளில் ஒன்று. போர்ட் பிளேயர் நகரிலிருந்து தெற்கே 400 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். இந்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

கச்சாலில் அரசு ரப்பர் தோட்டம் போட்டது. அங்கே பால் வெட்டும் வேலைக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அவர்கள் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். இலங்கையில் இருந்தவர்கள் இந்தியத் தீவுக்கு ஏன் வந்தார்கள்?

நாடு இல்லாமல் போனவர்கள்

வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையில் முதலில் காப்பித் தோட்டமும், பிறகு தேயிலைத் தோட்டமும் போட்டார்கள். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழை மக்களை அழைத்துப் போனார்கள். அவர்கள் லயங்களில் குடியிருந்தார்கள். அங்கேயே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள்.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளரிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? லட்சக்கணக்கானவர்கள் குடியுரிமை இல்லாதவர் ஆனார்கள். ஓட்டுரிமையும் போயிற்று. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. எந்த நாடும் தன்னுடையவர் என்று சொல்லாத இந்த நிலைக்கு 'நாடற்றவர்' என்று பெயர்.

இரண்டு ஒப்பந்தங்கள்

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேரை 1974-இல் இன்னொரு ஒப்பந்தத்தால் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள்.

கணக்குப் போட்டவை அரசுகள். பிரிந்தவை குடும்பங்கள். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஆன வீடுகள் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர் போனார்கள். கேரளம், கர்நாடக ரப்பர் தோட்டங்களுக்குச் சிலர் போனார்கள். ஒரு சிறு பகுதியினர் கடல் கடந்து கச்சாலுக்குப் போனார்கள்.

இலங்கையில் தங்கிவிட்டவர்களில் பலர் நெடுங்காலம் நாடற்றவராகவே இருந்தார்கள். 2003-இல் இலங்கை ஒரு சட்டம் செய்து அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது.

குடிமக்கள்தான், ஆனால் நிலம்?

கச்சாலுக்கு வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அப்படியானால் கச்சாலில் நிலம் வாங்கலாமா?

அது எளிதல்ல. நிக்கோபார் தீவுகள் நிக்கோபாரி, ஷோம்பென் பழங்குடி மக்களின் பூமி. பழங்குடியினரைக் காக்க 1956-இல் ஓர் ஒழுங்குவிதி வந்தது. ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் வெளியார் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அரசின் முன் அனுமதி இல்லாமல் அங்கே நிலத்தில் உரிமை பெற முடியாது. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்கு அதே 19-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இதில் நியாயம் இருக்கிறது. வெளியார் கூட்டமாக வந்து நிலத்தை வாங்கினால் சிறு தொகையினரான பழங்குடிகள் என்ன ஆவார்கள்? ஆனால் தோட்டத் தொழிலாளியின் கவலையும் உண்மையானது. தோட்ட வேலை இருக்கும்வரை தோட்ட வீடு இருக்கும். வேலை போனால் எங்கே போவது? குடியுரிமை வேறு, குடியிருக்கும் உரிமை வேறு, நிலத்தின் மேல் உரிமை வேறு. மூன்றும் ஒன்று என்று நினைத்து ஏமாறக் கூடாது.

வேறு நாட்டுக்குப் போக

வேறு நாட்டுக்குப் போகப் பெரும்பாலும் பாஸ்போர்ட் வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு விசாவும் வேண்டும். நேபாளத்துடன் 1950-இல் செய்த ஒப்பந்தத்தால் இந்தியர் அங்கேயும் நேபாளிகள் இங்கேயும் விசா இல்லாமல் போய் வரலாம், வேலை செய்யலாம். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

நாம் செய்ய வேண்டியது

2004 டிசம்பர் 26-இல் சுனாமி கச்சாலைக் கடுமையாகத் தாக்கியது. வீடு போனால் வீட்டில் இருந்த காகிதமும் போகும். ஆகவே முக்கியமான காகிதங்களின் நகலை வேறோர் இடத்திலும் வையுங்கள்.

குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்று அல்ல. 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. பெற்றோரின் குடியுரிமையையும் பார்ப்பார்கள். எனவே தாய் தகப்பனின் காகிதங்களும் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.

இலங்கைத் தோட்டத்தில் ஒரு சான்றிதழ் இல்லாததால் மூன்று தலைமுறை அலைந்தது. உங்கள் வீட்டில் எல்லாருடைய பிறப்பும் பதிவாகியிருக்கிறதா? இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள்.