துளையிடாமல் பல்லுக்குள் பார்க்கும் ஒளி

வலி வந்த பிறகே நம்மில் பெரும்பாலோர் பல் டாக்டரைத் தேடிப் போகிறோம். அதற்குள் சொத்தை பல்லின் நரம்பை எட்டியிருக்கும். இரண்டு கடைவாய்ப் பற்கள் நெருங்கித் தொடும் இடத்தில் தொடங்கும் சொத்தை இன்னும் பொல்லாதது. டாக்டரின் கண்ணாடிக்கும் ஊசிக்கும் அது எளிதில் அகப்படாது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் இப்போது அதைக் காட்டிக் கொடுக்கிறது.

இந்தக் கதிரைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800-இல் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, அவற்றில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் மிகுந்திருந்தது!

கற்கண்டும் பொடியும்

கற்கண்டுக் கட்டி ஒளியை ஊடுருவ விடும். அதையே இடித்துப் பொடியாக்கினால் வெளுத்துவிடும். எண்ணற்ற துகள்களில் பட்டு ஒளி நாலாபக்கமும் சிதறுவதே காரணம். பல்லிலும் இதே கதைதான். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பல்லின் கெட்டியான மேலோடாகிய எனாமலின் தாதுச்சத்தை அந்த அமிலம் கரைத்து, நுண்துளைகளை உண்டாக்குகிறது. அங்கே ஒளி சிதறுகிறது.

சாதாரண வெளிச்சம் நல்ல எனாமலிலும் சிதறும். அலைநீளம் கூடக் கூடச் சிதறல் குறையும். ஆகவே பல்லின் இரு பக்கமும் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, மேலிருந்து சிறிய காமிராவால் படமெடுத்தால், நல்ல எனாமல் பளிச்சென்றும் சொத்தை கறுப்பு நிழலாகவும் தெரியும்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் இப்படிப் படமெடுத்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2012-இல் ஜெர்மனியின் காவோ நிறுவனம் 780 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எக்ஸ்-ரே வேண்டாமா?

ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ்-ரேயைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே, ஜெர்மன் பல் மருத்துவர் வால்கோஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று அது நொடிப்பொழுதுதான். ஆயினும் கதிர்வீச்சு கதிர்வீச்சே. அகச்சிவப்பு ஒளியில் அந்தக் கவலை இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எத்தனை முறையும் படமெடுக்கலாம். ஆனால் ஈறுக்குக் கீழே உள்ள வேரும் எலும்பும் இதில் தெரியா. உலோகத்தால் அடைத்த பல்லிலும் ஒளி தடைபடும். அங்கெல்லாம் எக்ஸ்-ரேயே கதி.

நல்கொண்டாவின் பாடம்

ஐதராபாத்தை அடுத்த நல்கொண்டா மாவட்டத்தை அறியாதவர் இங்கே இல்லை. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல தலைமுறைகளின் பற்கள் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாயின. இதுவும் எனாமலில் தாதுச்சத்து குறைவதால் வருவதே. ஆகையால் இங்கும் ஒளி சிதறும். நிழல் விழுந்ததெல்லாம் சொத்தை ஆகிவிடாது. எது திட்டு, எது சொத்தை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அனுபவமுள்ள டாக்டரே, கருவி அல்ல.

வேடிக்கை என்னவென்றால், அளவு மீறினால் பல்லைக் கெடுக்கும் அதே ஃபுளோரைடுதான் அளவோடு பூசினால் பல்லைக் காக்கிறது. எனாமலில் குழி விழுவதற்கு முன்பே கண்டுபிடித்து, ஃபுளோரைடு பூசி, இனிப்பைக் குறைத்து, இருவேளை துலக்கினால் சொத்தை அங்கேயே நின்றுவிடக்கூடும். துளையிட வேண்டியதில்லை. ஒருமுறை துளையிட்டு அடைத்த பல்லுக்கோ, அந்த அடைப்பை மாற்றும் வேலை பின்னாளில் மீண்டும் வரும்.

எனவே வலிக்காதபோதே பல்லைக் காட்டுங்கள். எந்தக் கருவியால் பார்த்தாலும் சரி, டாக்டர் துளையிட வேண்டும் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: "சொத்தை எனாமலோடு நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா?" அந்தப் பதிலைப் பொறுத்தே உங்கள் பல்லின் ஆயுள் இருக்கிறது.