கண்டனமும் மறுப்பும்

சேலம் கோட்டை மைதானத்திலும் நாமக்கல் பூங்கா சாலையிலும் 'கண்டன ஆர்ப்பாட்டம்' என்னும் சுவரொட்டியைக் காணாதார் இலர். இங்குக் கண்டனமாவது ஒரு செயலை ஏற்கவில்லை எனப் பலரறிய அறிவித்தல். அச்சொல்லின் பழம்பொருளோ வேறு. துண்டித்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த அது, எதிர்வாதத்தைச் சான்றுகளால் அறுத்து மறுப்பதையே உணர்த்திற்று. 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் சமயவாதிகள் எழுதிக்கொண்ட கண்டன நூல்கள் அவ்வகையின. அவற்றுள் சிலவற்றில் வாதத்தினும் வசையே மிகுதி என்பது வேறு செய்தி.

அரபியில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள. சான்று காட்டி மறுப்பது 'ரத்து'. நம் அலுவலகங்களில் வழங்கும் 'ரத்து' என்பதும் இச்சொல்லே. தகாதது எனக் கடிந்து விலக்குவது 'இன்கார்'. 'முன்கர்' என்பதும் அதே வேரில் பிறந்தது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. இமாம்கள் கருத்து வேறுபட்ட சட்டங்களில் இன்கார் இல்லை; அனைவரும் ஒன்றுபட்டு விலக்கியவற்றிலேயே அது உண்டு என்னும் விதியை, சில விலக்குகளுடன், இமாம் சுயூத்தி (இறப்பு 1505) 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில் எடுத்துரைக்கிறார். ஹனஃபிகள் தொழும் பள்ளிவாசலில் ஷாஃபிஈ ஒருவர் ஆமீனை உரக்கச் சொன்னால் அதற்கு ரத்து எழுதலாம்; இன்கார் செய்தலாகாது. தமிழில் இரண்டும் கண்டனமாகிவிடுவதால், ஆய்வாகத் தொடங்குவது ஜமாஅத்தில் பகையாக முடிகிறது.

மாணவரொருவர் இதே ஆமீன் பற்றிக் 'கண்டனம்' என்று தலைப்பிட்டுக் கட்டுரை கொணர்ந்தார். உள்ளே இருந்ததோ பண்பட்ட ஹதீஸ் ஆய்வு. ஓர் எழுத்தும் திருத்தாமல், தலைப்பை மட்டும் 'மறுப்பு' என மாற்றித் தந்தேன்.