சுதையால் மீண்ட தெரு

பூவிருந்தவல்லி, திருமழிசை, திருமுல்லைவாயில் முதலிய ஊர்களின் பழைய தெருக்களில், திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. இத்தகைய வீடுகள் பலவற்றில், இடுப்பளவு உயரத்திற்குச் சிமெண்டுப் பூச்சும், அதற்கு மேலே பொருமி உதிரும் காரையுமாகச் சுவர் காட்சியளிக்கும். சுவரைக் காக்கச் செய்த வேலையே சுவரை அரிக்கிறது. இது எவ்வாறு நேர்கிறது?

பழைய செங்கற்சுவர் மண்ணிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல மேலே இழுக்கும் இயல்புடையது. சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே அவ்வீரம் ஆவியாகி வெளியேறிவிடும். துளையற்ற சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. போக்கிடம் இழந்த ஈரம் பூச்சையும் தாண்டி மேலேறுகிறது. அதனோடு சென்ற உப்புகள் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதனைப் பொடியாக்குகின்றன. இதனையே மக்கள் ‘உவர் பூத்தல்’ என்பர். நியூயார்க் நகரத்தில் பழுப்பு மணற்கல்லால் முகப்பிட்ட வரிசை வீடுகளும் இதையொத்த இடருக்கு உள்ளாயின. உரிந்த கல்லின் மீது வைத்த கடினமான சிமெண்டு ஒட்டுகள், அடியிலிருந்த மென்மையான கல்லையும் பெயர்த்துக்கொண்டு வீழ்ந்தன.

சுதை ஆக்கும் முறை

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால், கரியமில வளி நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பை உடனே பயன்படுத்துவதில்லை. பல நாள்கள் நீரிலேயே ஊறவிடுவர். பின்னர் மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிப் பதப்படுத்துவர். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வளியை மீண்டும் உட்கொண்டு, தான் தொடக்கத்தில் இருந்த சுண்ணாம்புக்கல்லாகவே படிப்படியாக இறுகுகிறது. இதற்குப் பொறுமை வேண்டும். அவசரத்தில் பூசிய சுதை வெடிப்பு விடும்.

சென்னைச் சுதை ஒரு காலத்தில் அயல்நாட்டாரையும் வியக்கவைத்தது. முட்டையின் வெண்கருவும் தயிரும் நெய்யும் கலந்த இறுதிப் பூச்சை, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளிங்கு போல் மின்னச் செய்தனர்.

வைசியாள் வீதி

இவ்வறிவு ஒரு தெருவையே மீட்டெடுத்ததைப் புதுச்சேரியில் காணலாம். ஆங்கிலேயர் 1761 இல் அந்நகரை இடித்துத் தகர்த்தனர். மீண்டும் எழுந்த நகரில், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி அமைந்தது. அங்குள்ள கல்வே சுப்பராயச் செட்டி வீதியை மக்கள் வைசியாள் வீதி என வழங்குவர். அத்தெருவின் மாடி வீடுகளில் கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சாளரங்களும் ஒட்டுத்தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயலிலும் விளங்கும்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசிய அர்ப்ஸ்’ திட்டத்தின்கீழ் இத்தெரு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. இன்டாக் அமைப்பும் புதுச்சேரி நகராட்சியும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களும் இதில் கைகோத்தன. செலவில் ஒரு பகுதியை வீட்டுக்காரர்களும் ஏற்றனர்; இப்பங்கேற்பு இல்லையெனில் பணி முகப்பளவில் கூட நிறைவேறியிராது. தெருவோரத் தாழ்வாரங்கள் மரத்தூணும் ஓடும் பெற்று மீண்டும் வரிசையாயின. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் 2008 ஆம் ஆண்டு இத்தெருவும் இடம்பெற்றது.

முகப்பு மீண்டால் வீடு மீண்டதாகுமா என்னும் வினா எழலாம். உள்ளே உத்தரம் உளுத்திருந்தால், வெளியே பூசிய வெண்சுதை நெடுநாள் நில்லாது. ஆயினும் தாழ்வாரம் சீரானதும், தெருவில் நடப்போர்க்கு நிழல் கிடைத்தது. வீட்டாருக்கும் தம் பழைய வீட்டை இடிப்பதற்கு மாற்றாக வேறொரு வழி கண்முன் தெரிந்தது.

பராமரிப்புத் தாழ்ந்தால் நேர்வதையும் அதே நகரம் கண்டது. 19 ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று பெய்த மழையில் இடிந்து வீழ்ந்தது. இன்று அவ்விடத்தில் நிற்பது, அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பெற்ற கட்டடம்.