சாய்மனைக் கதிரையும் சின்னஞ்சிறு கண்களும்

வயிறு நிறைந்த மனிதனுக்கு வருவது உறக்கம்; உறக்கம் வராவிட்டால் வருவது அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கும் எந்தக் குடும்பத் தலைவரைக் கேட்டாலும், கிரிக்கெட்டைப் பற்றியும் பியரைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் உடனுக்குடன் தீர்ப்பு வழங்குவார். அந்த நீதிமன்றத்திற் கட்டணமும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. நானும் அத்தகைய நீதிபதிகளுள் ஒருவனாகவே இருந்தேன். என் தீர்ப்புகளைத் தலைகீழாக்கியவன் ஏழு வயதுப் பாலகன் ஒருவன், என் மகன்.

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அந்த ஆண்டு ஜனவரியிற் கொழும்பில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின் இங்கு வந்து விளையாட மறுத்த அவுஸ்திரேலிய அணியே, அன்று நம்மவர்க்கு எதிரே நின்றது. ஆகையால் ஆட்டத்தின் சூடு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சிறு வீட்டையும் பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு மாஸ்டரும், என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவரும் வந்திருந்தனர். மேசையிற் கடலை வடை, கச்சான், பியர்ப் போத்தல்கள். போத்தல் வெறுமையாகும்போதெல்லாம், "தம்பி, இன்னொண்டு எடுத்து வா" என்பேன். அவனும் ஓடி ஓடி எடுத்து வந்தான். பிள்ளை பணிவாக வளர்கின்றான் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுகளை இழந்து 241 ஓட்டங்கள் பெற்றது. அதற்கு முன் நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றது என்று மாஸ்டர் கணக்கொன்றை எடுத்து வைத்தார். அதற்கேற்றாற்போல, 23 ஓட்டங்களுக்குள் நம்மவர் இருவரும் ஆட்டமிழந்தனர். அவ்வளவுதான்! கதிரையை விட்டு எழாமலே நாங்கள் மூவரும் அவர்களைத் திட்டித் தீர்த்தோம். "உனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது!" என்று தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கிக் கத்தியவன் நான்தான். வாழ்நாளில் ஒரு பந்தையேனும் ஒழுங்காக அடித்தறியாதவன் நான் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிட வேண்டும்.

பின்பு நடந்ததை நாடே அறியும். பந்துவீச்சில் முன்னரே மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்திருந்த அரவிந்த டி சில்வா, பதற்றமின்றி நின்று ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். 46.2 ஓவர்களில் 7 விக்கெட்டுகளால் வெற்றி நம்முடையதாயிற்று. திட்டிய நாங்களே முதலில் வீதிக்கு ஓடிப் பட்டாசு கொளுத்தினோம்.

மறுநாட் பின்னேரம் வேலை முடிந்து வந்தபொழுது, மனைவி என்னை யன்னலண்டை அழைத்து, "இஞ்சை வந்து ஒருக்காப் பாருங்கோ" என்றாள். ஒழுங்கையிற் பிள்ளைகளின் கிரிக்கெட். கவிழ்த்து வைத்த வாளியொன்றின் மேல், கால்களை நீட்டி, என்னைப் போலவே சாய்ந்தபடி என் மகன் அமர்ந்திருந்தான். கையிலொரு கிண்ணம். அதில் நுரை எழும்படி ஆற்றிய வெறுந் தேநீர். அடுத்த வீட்டு ஐந்து வயதுக் குழந்தை பந்தைத் தவறவிட்டு நின்றது. "உனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது! போ, இன்னொண்டு எடுத்து வா!" என்று அதட்டினான் அவன். அந்தக் குழந்தை உதடு துடிக்க, வெறுங் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நடந்தது.

"ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு நான் கேக்கேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனைவி உள்ளே சென்றுவிட்டாள்.

முதலில் என் கை ஓங்கத்தான் பார்த்தது. ஆனால் யாரை அடிப்பது? சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒழுங்கையில் இறங்கினேன். அந்தச் சிறுவனின் கையில் மட்டையைக் கொடுத்து நானே பந்து போட்டேன். நான்காவது பந்தில் அடி விழுந்தது; மதிலுக்கு மேலாற் பந்து போயிற்று. வாளியில் இருந்தவனும் எழுந்து கைதட்டினான்.

அன்று முதல் என் அபிப்பிராயங்கள் சிலவற்றைத் திருத்திக்கொண்டேன்.

"பியர்தானே, தண்ணீர் மாதிரி" என்பது நம்மவர் வாய்ப்பாடு. கணக்குப் பாருங்கள். நூற்றுக்கு 5 பங்கு மதுசாரம் கொண்ட 625 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் ஏறக்குறைய 31 மில்லிலீற்றர் மதுசாரம் உண்டு. நூற்றுக்கு 35 பங்குள்ள சாராயத்தில் 50 மில்லிலீற்றர் எடுத்தால் அதில் இருப்பது பதினேழரை. ஆகவே பெரிய போத்தல் பியர் ஒன்று, ஏறத்தாழ இரண்டு முறை ஊற்றிய சாராயத்துக்குச் சமம். நிறம் வெளிறியிருப்பதாற் குணம் மாறிவிடுவதில்லை.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிறையாதவர்க்கு மதுபானம் விற்பதைத் தடுக்கின்றது. மதுவிற்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றது. நல்ல சட்டந்தான். ஆயினும் அது கடைவாசலோடு நின்றுவிடும். வீட்டு மண்டபத்திலே தகப்பன் செய்யும் விளம்பரத்தைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்?

குடியை அறவே விட்டுவிட்டேன் என்று சொல்லி நேயர்களை ஏமாற்றமாட்டேன். குறைத்தேன், பிள்ளையை ஏவுவதை அடியோடு நிறுத்தினேன். ஆட்டமிழந்து தலைகுனிந்து வருபவனைத் திட்டுவதையும் நிறுத்தினேன். இவற்றுள் கடினமானது கடைசியில் உள்ளதே.

அண்மையில் மகன் தன் குடும்பத்தோடு வந்திருந்தான். தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம். அருகில் அவனுடைய ஆறு வயது மகள். ஒரு நேரம் அவன் எழுந்து, தானே போய்ப் போத்தலொன்றை எடுத்து வந்தான். பிள்ளையை ஏவவில்லை. நம் ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டமிழந்தபோது என் நாவிற் பழைய சொல் ஒன்று துடித்தது. அவனோ மகளைப் பார்த்து, "நல்ல பந்து போட்டான், என்ன?" என்றான்.

அந்தத் தேநீர்க் கிண்ணம் அவனுக்கு நினைவிருக்கின்றதா என்று நான் கேட்கவில்லை.